பேண்டு வந்தாச்சு, படலம் எங்கே?

தீசிஸ் தலைப்பு கொடுக்கும் பருவம் வந்துவிட்டால் எங்கள் துறையில் ஒரு தலைப்பு தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மருத்துவமனைத் தொற்றுகளில் கிடைக்கும் ஏதோ ஒரு கிருமி, அதன் பயோஃபிலிம் (கிருமிப் படலம்) கட்டும் திறன், அதற்குப் பின்னால் இருக்கும் ஜீன்கள். கிருமியின் பெயர் மட்டும் மாறும். ஒரு வருஷம் ஸ்டெஃபிலோகாக்கஸ், மறுவருஷம் கிளெப்சியெல்லா, அப்புறம் அசினிடோபேக்டர். மாணவர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். கிருமி லேபிலேயே கிடைக்கும், ஜீனைத் தேடிப் பிடிக்கும் பிரைமர் வரிசை ஏற்கெனவே யாரோ அச்சில் போட்டிருக்கிறார்கள், ஜீனைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் மெஷின் துறையில் சும்மா நிற்கிறது, கோர்ஸ் முடிவதற்குள் எழுதி முடித்துவிடலாம்.

எனக்கும் பிடித்த தலைப்புதான். கடுப்பாவது கடைசி அத்தியாயத்தில். "இந்தக் கிருமியில் ஐகா-ஏ, ஐகா-டி ஜீன்கள் இருந்தன; ஆகவே இது பயோஃபிலிம் கட்டக்கூடியது; ஆகவே நோயாளிக்கு ஆபத்தானது" என்று இரண்டு ஆகவேயில் கதையை முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு ஆகவேக்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. துறையில் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம் என்று எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு: பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி டியூட்டராக இருக்கிறேன். எம்பிபிஎஸ் இல்லை, எம்எஸ்சி மெடிக்கல் மைக்ரோபயாலஜி. மருத்துவக் கல்லூரிகளில் எம்எஸ்சிக்காரர்களுக்கு என்ன மரியாதை என்பது தனிப் பதிவு, அதை இன்னொரு நாள் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

பயோஃபிலிம் என்றால் என்னவென்று சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ ஆள் வரும் நாளில் உள்சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று வருகிறதே, அதுதான். கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டி, தங்களைச் சுற்றித் தாங்களே சுரந்த சர்க்கரை, புரதம், டிஎன்ஏ கலந்த கூழுக்குள் கூட்டமாக வாழ்வது. பல் விளக்காவிட்டால் பல்லில் படிவதும் அதேதான். 1680களிலேயே லேவன்ஹூக் தன் பல்லைச் சுரண்டி லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டார். ஆனால் கிருமிகளின் இயல்பான வாழ்க்கையே இதுதான், ஊட்டக் குழம்பில் தனித்தனியாக மிதப்பது நாம் லேபில் வளர்ப்பதால் வந்த பழக்கம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள 1978இல் காஸ்டர்டனும் அவர் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைக்குப் பிறகும் பல வருஷங்கள் ஆயின. இன்று ஐசியுவில் இருக்கும் எந்தக் குழாயை எடுத்தாலும் இதே கதைதான். கழுத்து ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன், மூச்சுக் குழாய், சிறுநீர்க் குழாய், வெளியே தெரியாத செயற்கை மூட்டு, இதய வால்வு.

இதில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஒரு தனி ரகம். நம் எல்லோர் தோலிலும் இருப்பது. யாருக்கும் தொந்தரவு தராது. பிளாஸ்டிக்கைக் கண்டால்தான் குணம் மாறும். ரத்தக் கல்ச்சரில் இது வளர்ந்தால் வார்டிலிருந்து போன் வரும். "மேடம், கான்ஸ் வந்திருக்குன்னு ரிப்போர்ட் போட்டிருக்கீங்களே, ட்ரீட் பண்ணணுமா, கன்டாமினன்ட்னு விட்டுடலாமா?" கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்பதுதான் வார்டு மொழியில் கான்ஸ். ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் போனதா, லைனுக்குள் படலம் கட்டி அங்கிருந்து ரத்தத்தில் உதிர்ந்ததா? கிருமி ஒன்றுதான், அர்த்தம் தலைகீழ். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: லைன் வழியாக ஒன்று, கையிலிருந்து ஒன்று, இரண்டு பாட்டிலும் ஒரே நேரத்தில் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் லைன் பாட்டில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு பாசிட்டிவ் காட்டினால் குற்றவாளி லைன்தான். பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டில்தான் வந்திருக்கும். அதுவும் எங்கிருந்து எடுத்தது என்று ஃபாரத்தில் எழுதியிருக்காது.

இந்த இடத்தில்தான் ஜீன் வந்து ஆசை காட்டியது. 1996இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கோட்ஸ் குழுவினர் ஐகா என்ற ஜீன் தொகுப்பைக் கண்டுபிடித்தார்கள். ஏ, டி, பி, சி என்று நான்கு ஜீன்கள் வரிசையாக நிற்கும். ஏயும் டியும் சேர்ந்து என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரையை மாலையாகக் கோக்கும். சி-க்கு அந்த மாலை நீளமாவதிலும் வெளியே போவதிலும் பங்கு உண்டு. பி வெளியே நின்று மாலையில் ஆங்காங்கே இருக்கும் அசிட்டைல் துண்டுகளைக் கழற்றிவிடும்; கழற்றினால்தான் அதற்கு நேர்மின்னூட்டம் வந்து கிருமியின் உடம்பில் ஒட்டும். இவற்றுக்குப் பக்கத்திலேயே ஐகா-ஆர் என்று இன்னொன்று, மற்ற நாலையும் அடக்கி வைப்பது அதன் வேலை. எவ்வளவு அழகான கதை! இந்த ஜீன் இருந்தால் நோய்க்கிருமி, இல்லையென்றால் தோலில் இருந்து வந்தது என்று சொல்லிவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆரம்பத்தில் வந்த சில ஆய்வுகள் அப்படித்தான் காட்டவும் செய்தன. மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களின் தோல் கிருமிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே கிடப்பவர்களின் தோலில் எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் ஐகா இருந்தது. நமக்குத் தீர்ப்பு வேண்டியதோ அந்த நோயாளிகளுக்குத்தான்.

சரி, எங்கள் லேபில் இதை எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

முதலில் காங்கோ ரெட் அகார், படலம் கட்டும் கிருமியை நிறத்தில் காட்டும் தட்டு. 1989இல் ஃப்ரீமன் குழு எழுதியது, இன்னமும் எல்லா தீசிஸிலும் இருக்கும். பிரெயின் ஹார்ட் இன்ஃப்யூஷன் குழம்பு, லிட்டருக்கு 50 கிராம் சுக்ரோஸ், 10 கிராம் அகார், 0.8 கிராம் காங்கோ ரெட் சாயம். சாயத்தைத் தனியாகக் கரைத்து, தனியாக ஆட்டோகிளேவ் செய்து, அகார் 55 டிகிரிக்கு இறங்கியதும் கலக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபிளாஸ்கில் போட்டு வேகவைக்கும் மாணவர் வருஷத்துக்கு ஒருவர் உண்டு. 37 டிகிரியில் ஒரு நாள். படலம் கட்டும் கிருமி கறுப்பாக, உலர்ந்து, பொடிப் படிகமாகத் தெரியும் காலனி கொடுக்கும். கட்டாதது சிவப்பாக, வழவழப்பாக. புத்தகத்தில் இவ்வளவுதான். தட்டில் பார்த்தால் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு பட்டுப்புடவைக் கடையே இருக்கும். அரக்கு, மாந்துளிர், காபிப்பொடி. ஒரே தட்டை நான் ஒன்று சொல்வேன், பேராசிரியர் ஒன்று சொல்வார், மாணவர் தன் தீசிஸுக்கு எது வசதியோ அதைச் சொல்வார்.

அப்புறம் கிரிஸ்டல் வயலட். 96 குழித் தட்டில் குளுக்கோஸ் சேர்த்த குழம்பை ஊற்றி, கிருமியை விட்டு, இரவு முழுக்க வளரவிட்டு, காலையில் தட்டைக் கவிழ்த்து உதறி, பஃபரில் மூன்று முறை கழுவி, 0.1 சதவீதக் கிரிஸ்டல் வயலட் ஊற்ற வேண்டும். மறுபடி கழுவி, காயவிட்டு, ஒட்டியிருக்கும் சாயத்தை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து ரீடரில் அளக்க வேண்டும். எழுத்தில் எளிது. கழுவும்போதுதான் கை பேசும். மைக்ரோபிப்பெட்டை குழியின் அடியில் வைத்துப் பஃபரைப் பீய்ச்சினால் நல்ல படலமே உரிந்து மிதக்கும். சுவரோரமாக விட வேண்டும். கவிழ்த்துத் தட்டும்போது டிஷ்யூ பேப்பரில் ஒருவர் அடிக்கும் வேகமும் இன்னொருவர் அடிக்கும் வேகமும் ஒன்றில்லை. ஓரக் குழிகள் இன்குபேட்டரில் காய்ந்துபோய் நடுக்குழிகளைவிட அதிகமாக நிறம் காட்டும், அதனால் தட்டை ஈரப் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் வைப்போம், ஓரக் குழிகளில் வெறும் குழம்பு மட்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால், கிருமி விடாத குழிகளின் சராசரியோடு திட்ட விலக்கத்தைப் போல மும்மடங்கைக் கூட்டி வரும் எண்தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் இரண்டு மடங்கு வரை பலவீனம், நான்கு மடங்கு வரை நடுத்தரம், அதையும் தாண்டினால் வலுவான படலம். எல்லாம் முடிந்து சிங்க்கைப் பார்த்தால் ஊதா. எங்கள் அட்டெண்டர் அண்ணா அதைப் பார்த்து, "மேடம், இது இந்த ஜென்மத்துக்குப் போவாது" என்பார். போகவும் இல்லை.

கடைசியில் பிசிஆர். ஐகா-ஏக்குப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் பிரைமரில் வரும் டிஎன்ஏ துண்டின் நீளம் 188 பேஸ்பேர், ஐகா-டிக்கு 198. பத்தே பேஸ்பேர் வித்தியாசம். இரண்டையும் ஒரே குழாயில் போட்டு 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிவிட்டு "மேடம், ரெண்டும் வந்துடுச்சு" என்று வந்து நிற்பார்கள். எது எது என்று காட்டு பார்ப்போம் என்றால் ஜெல் போட்டோவை ஜூம் செய்துகொண்டே இருப்பார்கள். தனித்தனிக் குழாயில், தனித்தனி லேனில் ஓட்டினால்தான் சொல்ல முடியும். யுவி வெளிச்சத்தில் அந்தச் சின்ன ஆரஞ்சுக் கோடு, அதாவது பேண்டு, தெரியும்போது வரும் சந்தோஷம் எனக்கும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷம்தான் அத்தியாயத்தைக் கெடுக்கிறது.

வீட்டில் இட்லிக் குண்டான் இருக்கிறது என்பதால் இன்றைக்கு இட்லி என்று அர்த்தமில்லை. பிசிஆர் சொல்வது குண்டான் இருக்கிறது என்பதை மட்டும். பற்றவைத்தார்களா, மாவு இருந்ததா, யாராவது அடுப்பை அணைத்தார்களா என்று அதற்குத் தெரியாது.

இந்தப் பழக்கம் மாணவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. மருந்து எதிர்ப்பு ஜீன்களில் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸில் மெக்-ஏ ஜீன் பிசிஆரில் வந்தால் மெத்திசிலினுக்குக் கட்டுப்படாது என்றே ரிப்போர்ட் எழுதுகிறோம், மருத்துவர் மருந்தை மாற்றுகிறார். இந்த ஊரில் படித்தவர்களுக்கு என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு ஜீன் இன்னும் நெருக்கம். 2010 ஆகஸ்டில் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகத்துக்காரர். அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகள் இருந்தன. ஜீனுக்கு டெல்லி பெயர் வைத்ததற்காக நாடாளுமன்றம் வரை சத்தம் போனது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க சென்னைப் பிரகடனம் போட்டன. அந்த ஜீன் இருந்தால் கார்பபீனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளை நம்ப முடியாது என்று அர்த்தம். ஒரு ஜீன், ஒரு நொதி, ஒரு விளைவு. இப்படிப் படித்து வளர்ந்தவர்கள் ஐகாவையும் அதே கண்ணால் பார்க்கிறார்கள். பயோஃபிலிம் அப்படி இல்லை. அது நேரத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி கிருமி எடுக்கும் முடிவு.

முடிவு என்று சும்மா சொல்லவில்லை. காங்கோ ரெட்டில் ஒரே கிருமியை மறுபடி மறுபடி தேய்த்துப் போட்டால் கறுப்புக் காலனிகளுக்கு நடுவில் திடீரென்று ஒரு சிவப்பு முளைக்கும். கன்டாமினேஷன் என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 1999இல் ஜீபுர் குழு அந்த மாதிரிச் சிவப்புகளைப் பிடித்துப் பார்த்தது. ஐஎஸ்256 என்ற ஒரு துள்ளும் டிஎன்ஏ துண்டு, சுமார் 1,300 பேஸ்பேர் நீளம், சில சிவப்புகளில் ஐகா-ஏயிலோ ஐகா-சியிலோ போய் நுழைந்து உட்கார்ந்திருந்தது. ஜீன் உடைந்தது, சர்க்கரை மாலை நின்றது, காலனி சிவந்தது. கொஞ்ச தலைமுறை கழித்து அந்தத் துண்டு எந்த வடுவும் இல்லாமல் வெளியேறிவிட்டால் மறுபடி கறுப்பு. இப்போது நம் தீசிஸ்காரரை நினைத்துப் பாருங்கள். துண்டு ஐகா-சியில் உட்கார்ந்திருந்தால் அவருடைய ஐகா-ஏ பேண்டும் ஐகா-டி பேண்டும் அட்டகாசமாக வரும். படலம் பூஜ்யம். அட்டவணையில் "ஜீன் பாசிட்டிவ், ஃபீனோடைப் நெகட்டிவ்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்கு அவர் எழுதும் விளக்கம் "முறையின் குறைபாடு" என்பது. குறைபாடு இல்லை ஐயா, அந்தக் கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது! அதை விட்டுவிட்டு மற்ற மூன்று கட்டங்களுக்கு கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் கணக்கு போடுகிறார்கள்.

எதிர்த் திசையிலும் உண்டு. எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத) வகை ஆரியஸ் பலவற்றில் ஐகா இருந்தாலும் அதை நம்பிப் படலம் கட்டுவதில்லை. ஃபைப்ரோனெக்டினைப் பிடிக்கும் புரதங்களை வைத்தே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டிவிடுகின்றன. ஐகாவை வெட்டி எடுத்தாலும் கட்டும்.

அசினிடோபேக்டர் இதைவிட சுவாரசியம், சென்னை ஐசியு எதிலும் வேலை பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாத ஆசாமி. இதற்கு சிஎஸ்யு என்று ஒரு ஜீன் தொகுப்பு. 2003இல் டொமாராஸ் குழு காட்டியது: இதில் சிஎஸ்யு-இ என்ற ஒன்றை உடைத்தால் கிருமியின் மேல் இருக்கும் மெல்லிய இழைகள் போய்விடும், பிளாஸ்டிக்கில் படலமும் போய்விடும். அந்த இழையின் நுனியில் இருப்பதுதான் சிஎஸ்யு-இ. பின்னர் 2018இல் அதன் வடிவத்தைப் படம் எடுத்தபோது நுனியில் தண்ணீரை வெறுக்கும் மூன்று கண்ணிகள் விரல்களாக நீட்டிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக்கும் தண்ணீரை வெறுப்பது. பொருந்திப்போகிறது. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு ஆய்வு. அதே கிருமியை மனிதச் சுவாசக்குழாய்ச் செல்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஒட்டுவதற்கு இந்த இழைகள் தேவைப்படவே இல்லை. அதாவது இந்த இழையின் திறமை நம் உடம்பில் ஒட்டுவதில் இல்லை. நாம் உடம்புக்குள் நுழைக்கும் பொருளில் ஒட்டுவதில். வென்டிலேட்டர் குழாயின் மேல், படுக்கையின் பக்கவாட்டுக் கம்பியின் மேல், மானிட்டர் ஒயரின் மேல். அசினிடோபேக்டர் ஏன் ஐசியுவை விட்டுப் போக மறுக்கிறது என்று கேட்கும் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சிஸ்டர்களுக்கு நான் இந்த ஜீனைத்தான் முதலில் சொல்வேன்.

இந்தத் தொகுப்புக்கும் மேலே பிஎஃப்எம்-ஆர், பிஎஃப்எம்-எஸ் என்று ஒரு ஜோடி உட்கார்ந்து உத்தரவு போடுகிறது. எஸ் வெளியில் நடப்பதை உணரும், ஆர் ஜீனைத் திருகும். பிஎஃப்எம்-ஆரை உடைத்தால் சிஎஸ்யு முழுசாக இருந்தும் இழை வராது. மறுபடியும் குண்டான் கதை.

இங்கே நம் 96 குழித் தட்டைப் பற்றி ஒரு கேள்வி. பாலிஸ்டைரீன் தட்டு என்பது அம்மணமான பிளாஸ்டிக். ரத்தக்குழாய்க்குள் போன லைன் அப்படி இருப்பதில்லை. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே ஃபைப்ரினோஜென், ஃபைப்ரோனெக்டின், ஆல்புமின் என்று ரத்தப் புரதங்கள் அதன் மேல் பூசிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் எபிடெர்மிடிஸ் பிளாஸ்டிக்கைப் பார்ப்பதே இல்லை, ஃபைப்ரினோஜெனைத்தான் பார்க்கிறது. அதைப் பிடிக்க எஸ்டிஆர்-ஜி என்று தனிப் புரதம் வைத்திருக்கிறது. அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்று 2018இல் அளந்தார்கள்; இரண்டு நேனோநியூட்டனுக்கு மேல். புரதப் பிணைப்புகளில் அதுவரை அளக்கப்பட்டவற்றில் அதுதான் உச்சம், அணுக்களை இணைக்கும் கோவேலன்ட் பிணைப்பின் பக்கம் போய்விட்டது. எங்கள் தட்டில் ஃபைப்ரினோஜெனும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை, வெள்ளணுக்களும் இல்லை. குளுக்கோஸ் மட்டும் தாராளம். அதில் "வலுவான படலம்" என்று வந்ததை நோயாளியின் கழுத்துக்கு நேராகக் கொண்டுபோவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பெரம்பூரில் என் தாய்மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகு வீட்டிலேயே ஃபோலே கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்). அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பை காலியாக இருக்கும், வயிறு உப்பும், அத்தை பதறிப்போய் போன் செய்வார்கள். "தண்ணி நிறைய குடிக்க வைம்மான்னு சொன்னியே, குடிக்கிறாரு, ஆனா வரவே மாட்டேங்குதே!" ஒருமுறை மாற்றிய பழைய குழாயை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு அப்பியிருந்தது, உள்துளையே பாதிதான் மிச்சம். புரோட்டியஸ் மிராபிலிஸின் கைவண்ணம். அதனிடம் யூரியேஸ் என்ற நொதிக்கான ஜீன்கள் இருக்கின்றன. சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்கும், காரத்தன்மை ஏறும், கரைந்திருந்த மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாக இறங்கும். படலத்துக்குள்ளேயே கல் முளைக்கும். இதில் ஒட்டுவதற்கான இழை ஜீன் ஒரு பக்கம் இருக்க, குழாயை உண்மையில் அடைப்பது ஒரு வளர்சிதை மாற்ற ஜீன். பயோஃபிலிம் ஜீன்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதே இல்லை. மாமாவுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார் ஒரு டாக்டர். கல்லுக்கு மாத்திரையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. குழாயை மாற்றியதும் சரியானது.

வார்டுகளுக்கு ஒரு வேண்டுகோளும் இங்கேயே: ஃபோலே நுனியை வெட்டி கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள். எப்படியும் ஏதாவது வளரும், எதற்கும் உதவாது, நாங்கள் நிராகரிப்போம். சென்ட்ரல் லைன் நுனி என்றால் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி உலர்ந்த ஸ்டெரைல் பாட்டிலில் அனுப்புங்கள், பிளட் அகாரில் உருட்டிப் பார்ப்போம், 15 காலனி இருந்தால் கணக்கில் சேரும். சலைனில் மிதக்கவிட்டு அனுப்பினால் எண்ணிக்கைக்கே அர்த்தமில்லை.

எங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இன்னொரு சங்கடம். வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிரே சென்சிட்டிவ் என்று அடித்து அனுப்புகிறோம். மருந்து ஓடுகிறது, காய்ச்சல் இறங்கவில்லை. "லேப் ரிப்போர்ட் தப்பு" என்று போன். தப்பில்லை. நாங்கள் சோதித்தது மிதக்கும் கிருமியை. லைனுக்குள் இருப்பது படலத்துக்குள் அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிருமி. அதைக் கொல்லப் பல நேரம் பத்து மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை கூடுதல் மருந்து தேவைப்படும், அவ்வளவு கொடுத்தால் நோயாளிதான் முதலில் போவார். இதற்கு எந்த எதிர்ப்பு ஜீனும் தேவையில்லை, உள்ளே இருப்பது அதே சென்சிட்டிவ் கிருமி. லைனை எடுத்தால் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும். எடுக்கத்தான் மனசு வராது, ஏனென்றால் இன்னொரு லைன் போட இடம் கிடைக்காது. அந்தக் கஷ்டமும் புரிகிறது.

கொல்லாத அளவில் மருந்து கொடுப்பது இன்னும் மோசம். 2005இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொல்லும் அளவுக்குக் கீழே கொடுத்துப் பார்த்தார்கள். படலம் குறையவில்லை, கூடியது. ஏஆர்ஆர் என்ற ஒரு ஜீன் வழியாக. எபிடெர்மிடிஸில் டெட்ராசைக்ளினும், எத்தனாலும்கூட, கொல்லாத அளவில் ஐகாவை உசுப்பிவிடும் என்று காட்டியிருக்கிறார்கள். உடனே ஹேண்ட் ரப் பாட்டிலைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள், அது கொல்லும் அளவில்தான் இருக்கிறது, முழுசாகத் தேய்த்தால்.

அதனால் இப்போது தலைப்பு கேட்டு வருபவர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை இரண்டு. ஒன்று, ஜீன் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அது வேலை செய்கிறதா என்று காட்டும் ஆர்என்ஏவை எடுத்துப் பார்க்க வேண்டும், சில கிருமிகளிலாவது. காசு அதிகம், வெறுங்கை பட்டாலே ஆர்என்ஏ சிதையும், மே மாதத்தில் கரண்ட் போனால் ஃப்ரீசரை நினைத்து வயிறு கலங்கும். ஆனால் நாற்பது கிருமிக்கு வெறும் பேண்டு பார்ப்பதைவிட எட்டு கிருமிக்கு ஆர்என்ஏ பார்ப்பது மேல் என்பது என் கட்சி. புள்ளியியல் துறையில் இதற்கு முகம் சுளிப்பார்கள், பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது இலவசம், அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். நோயாளி விவரம் எழுதும் புரோஃபார்மாவில் கட்டம் சேர்க்கச் சொல்கிறேன்: என்ன குழாய், எந்த இடத்தில், போட்டு எத்தனை நாள், மாதிரி எடுத்தபோது என்ன ஆன்டிபயாடிக் ஓடியது, குழாயை எடுத்தார்களா, எடுத்தபின் காய்ச்சல் என்ன ஆனது. இதற்கு ஐசியுவுக்கு நேரில் போய் கேஸ் ஷீட்டைப் புரட்ட வேண்டும். மைக்ரோபயாலஜி எடுத்ததே வார்டுக்குப் போகாமல் இருக்கத்தானே மேடம் என்று ஒரு பையன் வெளிப்படையாகவே சொன்னான். நேர்மையைப் பாராட்டினேன், கட்டத்தை எடுக்கவில்லை.

இந்த வருஷம் அசினிடோபேக்டர் எடுத்திருக்கும் பெண் சிஎஸ்யு-இக்கும் பிஎஃப்எம்-ஆருக்கும் பிரைமர் ஆர்டர் போட்டிருக்கிறாள். தட்டில் பாதிக் குழிகளுக்குப் பிளாஸ்மா பூசி, மீதியை வெறுமனே விட்டு, இரண்டிலும் ஒரே கிருமியை வளர்த்துப் பார்ப்பது அவள் யோசனை, என்னுடையது இல்லை. எதிக்ஸ் கமிட்டியில் பிளாஸ்மா எங்கிருந்து என்று கேட்டார்கள். பிளட் பேங்கில் தேதி முடிந்ததை வாங்கிக்கொள்ள அனுமதிக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் தட்டு போடுவோம். பூசிய குழியிலும் பூசாத குழியிலும் ஊதா ஒரே அளவில் வந்தால் மேலே நான் எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும், அதையும் இங்கேயே எழுதுகிறேன்.